சீனத்துச் சம்பந்தி வீடு

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பர் நம் பெரியோர். நாமோ 2023-ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர்ப் பத்து நாள்களைச் சீன தேசத்திலே, பூஜியன் மாகாணத்துச் சுவான்சௌ நகரத்தில், எமது தம்பியின் மனைவி வீட்டாரோடு கழித்தோம். மூன்று நாளில் முடியவேண்டிய விருந்து பத்து நாள் நீண்டமைக்கு அவ்வீட்டார் காட்டிய அன்பு ஒரு காரணம். அன்னையார் எம்மிடம் ஒப்படைத்த வேலை மற்றொரு காரணம்.

தம்பி புலமைப்பரிசில் பெற்றுப் பொறியியல் கற்கச் சீனா சென்றவர். கற்று முடித்ததும் சுவான்சௌவை அடுத்த ஊரிலே கல் வணிக நிறுவனம் ஒன்றிற் சேர்ந்தார். கல் வேலைக்கும் கல் வணிகத்துக்கும் பேர்போன பகுதி அது. இந்தியக் கருங்கற் பாளங்கள் கப்பல் கப்பலாக அங்கே வந்து இறங்குகின்றன. தமிழறிந்த பொறியியலாளர் ஒருவருக்கு அங்கு வேலை கிடைத்ததில் வியப்பில்லை. 2015-இல் அவ்வூர்ப் பெண்ணையே மணந்துகொண்டார். அம்மணத்துக்கு எம் வீட்டிலிருந்து ஒருவரும் செல்லவில்லை. நாளடைவில் தந்தையார் மனம் இளகித் தொலைபேசியிலே பேத்தியின் மழலையைக் கேட்கத் தொடங்கினார். அன்னையார் இளகவில்லை.

2021 ஆவணியில் தந்தையார் மறைந்தார். அப்போது பெருந்தொற்றினால் எல்லைகள் அடைபட்டுக் கிடந்தன. தம்பி புறப்பட்டு வந்தால், மனைவி மகளிடம் மீளும் வழி எப்போது திறக்குமென்று சொல்வார் இல்லை. ஆதலின் அவர் வரவில்லை. அன்னையாரின் மனத்தாங்கல் அத்தோடு இறுகிப்போயிற்று.

2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எல்லை திறந்தது. தம்பி எமக்குப் பயணச்சீட்டு அனுப்பினார். புறப்படும் நாளன்று அன்னையார் பருத்தித்துறை வடையும் இரண்டு குட்டான் பனங்கட்டியும் பொதி செய்து தந்தார். எவருக்கென்று சொல்லவில்லை. "அவன் அங்கை ஆற்றை கையாலை சாப்பிடுறான் எண்டு பாத்துக்கொண்டு வா" என்று மட்டும் சொன்னார்.

முற்றமும் அடுப்படியும்

சிங்கப்பூர் வழியாகச் சியாமென் நகரில் இறங்கி, அங்கிருந்து கடுகதிப் புகையிரதத்தில் ஏறக்குறைய அரைமணி நேரம் சென்றால் சுவான்சௌ. தம்பியின் இருப்பிடம் மாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாந் தளத்தில் உள்ளது. ஆயினும் அஃது உறங்குவதற்கு மட்டுமே. உண்பதும் உறவாடுவதும் பழைய நகரத்து ஒழுங்கையொன்றில் இருக்கும் சம்பந்தி வீட்டிலேதான்.

அவ்வீட்டைக் கண்டதும் நாம் சற்றே திகைத்து நின்றோம். செங்கல்லாற் கட்டிய வீடு. கூரை முகடு இருபுறத்தும் தகைவிலான் குருவியின் வால்போல மேல்நோக்கி வளைந்திருக்கிறது. உள்ளே நுழைந்தால் நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைச் சூழ நாற்புறமும் அறைகள். மழை பெய்தால் நீர் முற்றத்திலே விழுந்து வடிந்தோடும். எமது பாட்டனார் வாழ்ந்த நாற்சார் வீட்டுக்கும் இதற்கும் அமைப்பிலே பெரிய வேற்றுமை இல்லை. முற்றத்துக்கு எதிரே உள்ள கூடத்தில் முன்னோரின் பெயர் பொறித்த மரப்பலகைகளும் சாம்பிராணிக் குச்சி நாட்டும் கிண்ணமும் இருந்தன.

வீட்டில் நான்கு தலைமுறையினர் கூடுவர். தம்பி மனைவியின் தந்தையைப் பெற்ற பாட்டியாருக்கு வயது 86. அவரை அனைவரும் அமா என்று அழைப்பர்; அவ்வூர் மொழியிலே பாட்டி என்பது பொருள். அவருடைய மகனும் மருமகளும் எமக்குச் சம்பந்திகள். அவர்களை அடுத்துத் தம்பியும் மனைவியும், ஆறு வயதுப் பெண் குழந்தையும்.

வாசற்படியில் நின்ற அமா எம்மைக் கண்டதும் கைகூப்பவுமில்லை, நலம் உசாவவுமில்லை. "சியா பா பே?" என்றார். "சாப்பிட்டாச்சோ எண்டு கேக்கிறா, அண்ணை. இஞ்சை வணக்கம் சொல்லுறதே அப்பிடித்தான்" என்றார் தம்பி. யாழ்ப்பாணத்துப் படலைகளில் அந்திவேளை கேட்கும் கேள்வியும் அதுவேயன்றோ!

குழந்தை எம்மை "அபே" என்று அழைத்தாள். தந்தையின் தமையனை அப்படி அழைக்க வேண்டுமாம். தந்தையின் தம்பிக்கு வேறு சொல். தாயின் உடன்பிறந்தானுக்கு வேறு சொல். பெரியப்பா, சித்தப்பா, மாமா என மூவரையும் பிரித்தறியும் நமக்கு இது புதுமையன்று. மூவரையும் ஒரே சொல்லில் அடக்கும் ஆங்கிலத்தை வகுப்பறையிற் படிப்பிக்கும்போது நம் மாணவர் படும் பாட்டைச் சீன மாணவரும் படுவர் போலும்.

கீரைக்குள் கூனி

முதல்நாள் இரவு உணவு ஆறு மணிக்கே தொடங்கிற்று. வட்டமேசை. நடுவிலே பதார்த்தங்கள்; ஒவ்வொருவர் முன்னும் ஒரு சோற்றுக் கிண்ணமும் இரண்டு குச்சிகளும். குழந்தை முதலில் அமாவையும், அடுத்துப் பாட்டனாரையும், அதன்பின் பாட்டியாரையும் முறைப்படி பெயர்சொல்லி உண்ண அழைத்தாள். மூத்தோர் குச்சியை எடுத்த பின்னரே இளையோர் எடுக்கலாம். சிப்பியும் முட்டையும் சேர்த்து வார்த்த அடை, இஞ்சியோடு வதக்கிய தாரா இறைச்சி, முழு மீன் ஒன்று, நாலைந்து வகைக் கீரைகள் என மேசை நிறைந்திருந்தது. அங்கே விருந்தினர் தாமே பரிமாறிக்கொள்வதில்லை. சம்பந்தி அம்மையார் தம் கையாலேயே எமது கிண்ணத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

நாம் சைவ போசனம் உண்பவர். "அண்ணை இறைச்சி சாப்பிடமாட்டார்" என்று தம்பி முன்னரே கூறியிருந்தார். ஆதலின் எமது கிண்ணத்தில் வீழ்ந்தவை கீரைகளே. இரண்டு வாய் உண்டபின் பல்லில் ஏதோ அகப்பட்டது. எடுத்துப் பார்த்தோம்; காய்ந்த கூனி. கீரைக்குச் சுவையூட்டச் சேர்த்திருக்கிறார்கள். நாம் ஒன்றும் பேசாமல் குச்சிகளைச் சோற்றிலே குத்தி நிறுத்திவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடினோம்.

மேசை அமைதியாயிற்று. குழந்தை பாய்ந்து வந்து எமது குச்சிகளைப் பிடுங்கிக் கிடையாக வைத்தாள். சோற்றிலே குச்சியை நாட்டுவது இறந்தோருக்குச் சாம்பிராணிக் குச்சி நாட்டுவதற்கு ஒப்பாம். உயிரோடிருப்பவர் மேசையில் அது பெரும் அமங்கலம். தவறு எம்முடையதும் அவர்களுடையதுமாக இரண்டாயிற்று. சம்பந்தி அம்மையாரின் முகம் சிவந்துவிட்டது. தம்பி தலைகுனிந்தார். அன்னையாருக்கு என்ன விடை கொண்டுசெல்வது என்ற கவலையோடு அன்றிரவு வெறுஞ்சோறும் சோயாக் கட்டியும் உண்டு எழுந்தோம்.

மறுநாட் காலை அமா எம்மைக் கையசைத்து அடுப்படிக்கு அழைத்தார். "சியா சாய்?" என்று கேட்டார். தம்பியின் மனைவி ஆங்கிலத்தில் விளக்கினார். மரக்கறி உண்பது என்பதே அதன் நேர்ப்பொருள். விரதச் சாப்பாட்டுக்கு அவ்வூரில் வழங்கும் சொல்லும் அதுதான். இறைச்சி உண்ணார் என்றால் மீனும் கூனியும் உண்பார் என்றே அங்கு கொள்வர். சியா சாய் என்று சொல்லியிருந்தால் எல்லாம் விளங்கியிருக்குமாம்! நாம் தலையசைத்தோம்.

அமா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, மேற்தட்டிலிருந்து தனியாகக் கட்டிவைத்த பொதியொன்றை இறக்கச் செய்தார். உள்ளே ஒரு தாச்சி, ஓர் அகப்பை, இரண்டு கிண்ணங்கள். நிலவின் கணக்கில் ஒவ்வொரு மாதமும் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் அவர் குவான் யின் என்னும் கருணைத் தெய்வத்தை எண்ணி விரதம் காப்பவர். அந்நாள்களிற் சமைப்பதற்கென்றே உள்ள பாத்திரங்கள் அவை. மச்சம் பட்டதில்லை. எமது வீட்டிலே பரணில் இருக்கும் விரதச் சட்டி பானைகள் எம் கண்முன் தோன்றின.

அன்றிலிருந்து எமக்குச் சமையல் அத்தாச்சியில்தான். விரதக் கறியில் அமா வெங்காயமும் உள்ளியும் சேர்ப்பதில்லை. நாம் வெங்காயம் உண்போம் என்று அறிந்தபோது அவர் எம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையின்படி நாம் அரைச் சைவரே.

கஞ்சியும் தேயும்

காலை உணவு பெரும்பாலும் அரிசிக் கஞ்சி. அதில் வற்றாளங்கிழங்கு துண்டு துண்டாக வெந்து கிடக்கும். தொட்டுக்கொள்ள உப்பிலிட்ட முள்ளங்கியும் வறுத்த கச்சானும். மலையும் கடலும் நெருக்கிய பூஜியனில் நெல் விளையும் நிலம் குறைவு. 1593-ஆம் ஆண்டு லூசோன் தீவிலிருந்து ஒரு வணிகர் வற்றாளங்கொடியைக் கப்பலில் மறைத்துக் கொணர்ந்தார் என்றும், அடுத்த ஆண்டுப் பஞ்சத்தில் அக்கிழங்கே மக்களைக் காத்தது என்றும் அங்கு கூறுவர். பஞ்சகாலத்தில் இக்கஞ்சியிற் சோற்றைத் தேடவேண்டியிருக்கும் என்றார் அமா. இன்று வீட்டில் அரிசிக்குக் குறைவில்லை. ஆயினும் கிழங்கில்லாத கஞ்சி அவருக்குக் கஞ்சியன்று. ஒடியற் கூழை நாம் மறவாமல் இருப்பதும் இத்தகையதே.

சில நாள்களில் ஒழுங்கை முனைக் கடையில் உண்பார்கள். நூலினும் மெல்லிய கோதுமைச் சேமியாவைக் குழையக் காய்ச்சிய கூழ் அங்கே கிடைக்கும். பொரித்த நீண்ட மாப்பண்டத்தைப் பிய்த்து அதில் தோய்த்து உண்பர்.

காலை உணவு முடிந்ததும் குழந்தை பள்ளிக்கும், தம்பியும் மனைவியும் வேலைக்கும் போய்விடுவர். வீட்டில் மிஞ்சுவோர் முதியவரும் நாமுமே. சம்பந்தியார் முற்றத்து ஓரத்தில் தேயிலைத் தட்டை விரிப்பார். சுவான்சௌவைச் சேர்ந்த அன்சி மாவட்டத்தில் விளையும் "இரும்புக் குவான் யின்" என்னும் தேயிலை அது. கைப்பிடிக்குள் அடங்கும் சட்டி. ஒரே மிடறு கொள்ளும் கிண்ணங்கள். முதல் நீரைப் பருகாமற் கிண்ணங்களைக் கழுவ ஊற்றிவிடுவார். அதன்பின் அதே இலையில் ஐந்தாறு முறை நீர் ஊற்றி வார்ப்பார். பாலுமில்லை, சீனியுமில்லை.

"தே" என்று கிண்ணத்தைச் சுட்டிக் காட்டினார். "தே" என்று நாமும் சொன்னோம். இருவரும் நகைத்தோம். உண்மையில் அச்சொல் அக்கரைக்கே உரியது. இம்மொழி பேசுவோரிடமிருந்து ஒல்லாந்த வணிகர் கொண்டுசென்று ஐரோப்பாவிற் பரப்பியதே தே என்னும் சொல். சீனத்தின் பிற பகுதிகளிலிருந்து தரைவழி சென்ற சொல் சா என்று வழங்கி, வட இந்தியாவிற் சாய் ஆயிற்று. நம்முடைய தேயிலையும் தேத்தண்ணீரும், சிங்களவர் சொல்லும் தேயும் சுவான்சௌ வீட்டு முற்றத்தோடு உறவுடையவை.

ஒருநாள் சம்பந்தியார் எம்மைக் கையுவான் என்னும் பழைய பௌத்த ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார். அதன் பெருமண்டபத்தின் பின்புறத்தில் இந்துக் கோயில் ஒன்றிலிருந்து வந்த கற்றூண்கள் இரண்டு நிற்கின்றன. நகரத்துக் கடல்வாணிப அருங்காட்சியகத்தில், யானையொன்று சிவலிங்கத்துக்கு மலர் சூட்டும் சிற்பமும் உண்டு. 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இந்நகரிற் கிடைத்துள்ளது. அரபு வணிகர் சைத்தூன் என்று அழைத்த இப்பெருந் துறைமுகத்தில் அக்காலத்திலே தமிழ் வணிகர் கோயில் எடுத்து வாழ்ந்தனர். 2021-இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. தூணருகே நின்ற சம்பந்தியார், "உங்கள் ஊரார் முன்னரும் வந்திருக்கிறார்கள், பெண் கேட்டுத்தான் வந்தார்களோ தெரியாது" என்று சொன்னாராம். தம்பி அன்று மாலை மொழிபெயர்த்துச் சொன்னபோதுதான் நாம் சிரித்தோம்.

ஒரு சிறு மேசை

ஏப்பிரல் 5-ஆந் திகதி சிங்மிங் நாள். தெளிவும் ஒளியும் என்பது அப்பெயரின் பொருள். சீனர் தம் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து படைக்கும் நாள் அது. அவ்வாண்டு அந்நாள் நிலவின் பதினைந்தாம் நாளாகவும் அமைந்தது. எமக்குப் பங்குனிப் பூரணை, அமாவுக்கு விரதநாள்.

காலையில் ஆண்களும் சம்பந்தி அம்மையாரும் குன்றிலுள்ள கல்லறைக்குச் சென்றனர். புல் களைந்து, வண்ணத் தாள்களைக் கல்லின்கீழ் வைத்து வருவார்கள். அமாவால் ஏறமுடியாது. அவரும் தம்பியின் மனைவியும் நாமும் வீட்டிலிருந்து நண்பகல் உணவுக்கு ஆயத்தம் செய்தோம். சிங்மிங் நாளிற் சுவான்சௌவில் வீடுதோறும் உண்பது லூன்பியா. மெல்லிய மாத்தாளிற் கறிகளை வைத்துச் சுருட்டி உண்ணும் பண்டம் அது. கரட்டும் கோவாவும் நூலாக அரியவேண்டும். பயற்றம்முளை, பட்டாணி, சோயாக் கட்டி, பொரித்த கடற்பாசி, சீனி சேர்த்து இடித்த கச்சான், கொத்தமல்லித் தழை என ஒவ்வொன்றும் தனித்தனித் தட்டில். மீனும் இறைச்சியும் சிப்பியும் உள்ள தட்டுகள் மேசையின் ஒரு பக்கம். விரதத் தாச்சியிற் சமைத்தவை மறுபக்கம். நாம் அரிந்த கரட்டின் தடிப்பைக் கண்டு அமா அதை வாங்கித் தாமே மீண்டும் அரிந்தார்.

சமையல் முடிந்ததும் கூடத்தில் முன்னோருக்குப் படையல் வைத்தனர். அதன்பின் தம்பியின் மனைவி ஒரு சிறு மேசையைத் தூக்கிவந்து முற்றத்து ஓரத்தில் வைத்தார். அமா ஒரு கிண்ணம் சோறு, நாலு வகை விரதக் கறி, தோடம்பழம், மூன்று சிறு கிண்ணத்தில் தே ஆகியவற்றை வரிசையாக அடுக்கினார். யாருக்கென்று கேட்டோம். "உங்கள் தந்தையாருக்கு" என்றார் தம்பியின் மனைவி.

நாம் வாயடைத்து நின்றோம். 2021-இல் செய்தி வந்த நாளிலேயே அமா இதைத் தொடங்கினாராம். கூடத்துப் பலகைகள் ஒரே குலப்பெயர் உடையோருக்கு உரியவை. வேற்றுக் குலத்தவரை அங்கே வைத்தல் முறையன்று. "ஆனால் மகன் என் மேசையில் உண்கிறான், தகப்பன் பசியோடு நிற்கலாமா?" என்று சொல்லித் தனி மேசை இட்டாராம். உங்கள் நாடு எத்திசை என்று தம்பியிடம் கேட்டு, தென்மேற்கு நோக்கி வைத்தாராம். தென்புலத்தார் என்று நாம் சொல்வதை அவர் அறியார். ஆண்டுதோறும் சிங்மிங் நாளிலும், நாம் திதி பார்ப்பது போல நிலவின் கணக்கில் வரும் மறைந்த நாளிலும் இம்மேசை இடப்படுகிறது. தந்தையார் மச்சம் உண்ணாதவர் என்பதைத் தம்பி சொல்லியிருந்தார். ஆதலின் விரதத் தாச்சி.

கல்லறையிலிருந்து மீண்ட தம்பி மேசைமுன் முழந்தாளிட்டார். நாம் பெட்டியைத் திறந்து அன்னையார் தந்த பனங்கட்டியில் ஒரு துண்டை எடுத்துவந்து தேக் கிண்ணத்தருகே வைத்தோம். தந்தையார் பனங்கட்டி கடியாமல் ஒருநாளும் தேத்தண்ணீர் குடித்தவர் அல்லர்.

சாம்பிராணிக் குச்சி எரிந்து தாழ்ந்ததும், பிறை வடிவான இரண்டு மரத்துண்டுகளை அமா கையில் எடுத்தார். "சியா பா பே?" என்று கேட்டு அவற்றை நிலத்தில் விடுத்தார். ஒன்று குப்புறவும் மற்றொன்று மல்லாந்தும் விழுந்தால், உண்டவர் நிறைவுற்றார் என்று கொள்வர். இரண்டும் குப்புற விழுந்தன. அமா சிறிது நேரம் பொறுத்து, தேயை மாற்றி ஊற்றி, மீண்டும் விடுத்தார். இம்முறை சரியாக விழுந்தது. "பனங்கட்டி திண்டு முடிக்க நேரமெடுத்திருக்கும்" என்றார் தம்பி. அவர் குரல் தழுதழுத்தது.

அதன்பின் மேசையைச் சுற்றி அமர்ந்து லூன்பியா சுருட்டினோம். அதைக் குச்சியால் உண்ண முடியாது, கையாலேயே உண்ணவேண்டும். ஐந்து நாளின் பின் விரல் படிந்து உண்ட உணவு அது.

உண்ணும்போதே தம்பி தொலைபேசியில் ஊரை அழைத்தார். அன்னையார் எம்மைப் பார்த்துப் பேசினார். நாம் சிறு மேசையைக் காட்டி நடந்ததைக் கூறினோம். நெடுநேரம் பேச்சில்லை. "அதிலை வைச்சது ஆர் சமைச்சது?" என்றார். தொலைபேசியை அமாவின் பக்கம் திருப்பினோம். இரு முதியவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தனர்.

"அவ சாப்பிட்டாவோ எண்டு கேள்" என்றார் அன்னையார்.

தம்பி மொழிபெயர்க்கும் முன்னர் நாமே "சியா பா பே?" என்று கேட்டுவிட்டோம். அமா கையிலிருந்த லூன்பியாவை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். அதே கேள்வியை அன்னையாரிடமும் கேட்டார். "இன்னும் இல்லை. பறுவமெல்லோ, விரதம்" என்று விடை வந்தது. அதைக் கேட்டதும் அமா மேலே வானத்தையும் தம் நெஞ்சையும் மாறி மாறிச் சுட்டினார்.

ஊர் திரும்பியபோது அமா தந்த தேயிலைப் பொதியை அன்னையாரிடம் ஒப்படைத்து, யார் கையால் உண்கிறான் என்ற வினாவுக்குரிய விடையை முழுமையாகச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டிருந்துவிட்டு, "வெங்காயம் உள்ளி சேராது எண்டனி. பெருங்காயம் சேருமோ?" என்று கேட்டார். தம்பிக்கு எழுதி விசாரித்தோம். அதுவும் விலக்காம்.

2024 ஆவணியில் தம்பி மனைவி மகளோடு வீட்டுக்கு வந்தார். அமா முதுமையினால் வரவில்லை. ஆயினும் அன்று அடுப்படியில் விரதச் சட்டிகள் இறங்கியிருந்தன. பெருங்காயப் பேணி பரணில் ஏறியிருந்தது. கிழவிதான் வரவில்லையே என்றோம். "இந்தப் பிள்ளை அவவின்ரை கையாலை வளந்ததெல்லோ" என்றார் அன்னையார். சொல்லிவிட்டு, வாசலில் நின்ற மருமகளைப் பார்த்துச் சாப்பிட்டாச்சோ என்று கேட்டார்.